பொழுதில்லாத நிலம்

இயற்கைக் காட்சியைத் தைல வண்ணத்தில் தீட்டக் கற்பிக்கும்போது, தொலைவைக் காட்ட நீலம் சேர்க்க வேண்டும் என்பதையே முதற்பாடமாகச் சொல்லிவிடுகிறோம். பனிமலையும் ஊசியிலை மரங்களும் நிறைந்த காலண்டர்ப் படங்களை மாணவர் நகலெடுப்பதால் அவ்விதி மேலும் உறுதிப்பட்டுவிடுகிறது. அது நம் நிலத்துக்கு முழுதும் பொருந்தாது என்பதே நம் கருத்து.

தொலைமலை நீலமாகத் தெரிவதை லியொனார்டோ டா வின்சி தம் குறிப்புகளில் விரிவாக எழுதியுள்ளார். காற்றின் நுண்மூலக்கூறுகள் நீல ஒளியையே மிகுதியாகச் சிதறடிக்கின்றன என்பதை 1899-இல் ராலே விளக்கினார். ஆனால் தூசியும் நீர்த்துளியும் அளவிற் பெரியவை. எல்லா நிறங்களையும் ஏறத்தாழ ஒன்றுபோலவே சிதறடிப்பவை. எனவே அவை மிகுந்த காற்றில் தொலைவு நீலமாவதில்லை, வெளுக்கிறது.

திண்டிவனத்திலிருந்து திருவண்ணாமலைச் சாலையில் மேற்கே சென்றால் செஞ்சிக் குன்றுகள் தென்படும். சித்திரை நண்பகலில் அவை வெளிறி, வானோடு கலந்து நிற்கும். கார்த்திகையில் மழை விட்ட காலையிலோ பாறைகளை எண்ணிவிடலாம் போல அருகில் வந்துவிடும். மாலையில் கதிரவன் அவற்றின் பின்னே இறங்க, விவரங்கள் மறைந்து இருண்ட வடிவங்களே எஞ்சும். குன்று ஒன்றே, தொலைவுதான் மூன்று.

சித்திரையைத் தீட்டுபவர் வானின் நிறத்தையே குன்றுக்கும் அடிப்படையாகக் கொள்ளலாம். வெண்மையில் சிறிது மஞ்சட்காவி, மிகச் சிறிதே நீலம். ஈரம் காயுமுன் விளிம்புகளை மென்மையாக்கி, அடர்ந்த கருமையை முன்னிற்கும் பனைக்கென ஒதுக்கிவைக்க வேண்டும். கார்த்திகைக்கு இந்த வெண்திரை உதவாது. பனை வயலை மறைக்க, வயல் குன்றின் அடியை மறைக்க, உருவளவு படிப்படியாகக் குறைய, அவற்றாலேயே ஆழம் பிறக்க வேண்டும்.

முன்னோடிகளைப் பார்த்து வரையாமல் கைப்பழக்கம் வருமா எனக் கேட்பர். வராது. அவர்களிடம் தூரிகை நுட்பத்தைக் கற்போம். அவர்கள் நாட்டுக் காற்றையும் சேர்த்து நகலெடுக்க வேண்டியதில்லை.

தொல்காப்பியம் நிலத்தையும் பொழுதையும் சேர்த்தே முதற்பொருள் என்கிறது. ஓவியத்தில் பொழுதைக் காட்டுவது இந்தக் காற்றுதான். விழுப்புரத்தை அடுத்த பனைமலைக் கோயிலில் பல்லவர் கால ஓவியம் இன்றும் எஞ்சி நிற்கிறது. ஓவியம் இம்மண்ணுக்குப் புதிதன்று. தைல வண்ணம் மேலை நாட்டிலிருந்து வந்ததாகவே இருக்கட்டும். பொழுதையுமா இரவல் வாங்க வேண்டும்?