உப்புக்குள் இருக்கும் குளோரினை மறைத்து விற்கலாமா?

வெளிநாட்டிலிருந்து வந்து யாழ்ப்பாணத்தில் வீடு திருத்துகிறவர்களிலும் விடுதி கட்டுகிறவர்களிலும் சிலர் இப்போது முற்றத்தில் நீச்சல் தடாகமும் கேட்கிறார்கள். அதனால் நம்மைப் போன்ற ஹார்ட்வெயார் வியாபாரிகளுக்குப் புதிய சரக்கொன்று வந்திருக்கிறது: உப்புநீர்த் தடாக மெஷின். "குளோரின் இல்லாத தடாகம்" என்று சொன்னால் உடனே விலைப்படுகிறது. நானும் அப்படிச் சொல்லித்தான் உப்பு மூட்டை விற்றேன்.

ஆறு வாரம் கழித்து ஒரு விடுதிக்காரர் வந்தார். "நானா, தண்ணி பச்சையாப் போச்சு. குளோரின் பார்க்கத் தேவையில்லை எண்டல்லோ சொன்னீங்கள்?" கடையில் நாலு பேர் நிற்கக் கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை. விற்ற பிறகுதான் படித்தேன், வெட்கந்தான்.

பரந்தன் இரசாயனத் தொழிற்சாலையை மூத்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். ஆனையிறவு உப்பைக் கரைத்து, மின்சாரம் பாய்ச்சி, கோஸ்டிக் சோடாவும் குளோரினும் எடுத்தார்கள். 1980களில் போரோடு அந்த உற்பத்தி நின்றது. தடாக மெஷின் செய்வதும் அதே வேலைதான், சிறிய அளவில். ஆகவே உப்புத் தடாகம் என்பது குளோரின் தடாகமே. குளோரினை வாளியில் கொண்டுவந்து கொட்டாமல் அங்கேயே உண்டாக்குகிறோம், அவ்வளவுதான்.

பெரும்பாலான மெஷின்களின் திரையில் தெரிவது உப்பின் அளவு. குளோரினின் அளவை நாம்தான் சோதிக்க வேண்டும். லீற்றருக்கு 1 முதல் 3 மில்லிகிராம் இருந்தால் போதும். பீ.எச். 7.2க்கும் 7.8க்கும் இடையில் நிற்க வேண்டும். இந்த மெஷின் ஓட ஓட பீ.எச். ஏறும், ஏறினால் குளோரின் இருந்தும் சரியாக வேலை செய்யாது. நமது வெயிலும் குளோரினைத் தின்றுவிடும். அதைத் தடுக்க சயனூரிக் அமிலம் என்ற மருந்து போடுகிறார்கள். விடுதிக்காரரோ மின்கட்டணத்துக்குப் பயந்து பம்பை நாளுக்கு இரண்டு மணித்தியாலமே ஓடவிட்டிருந்தார். போதாததற்கு, கேத்தலின் அடியில் படியும் அதே சுண்ணாம்பு மெஷினின் தகட்டிலும் படிந்திருந்தது. நமது கிணற்றுநீருக்கு இது தப்பாது. தகட்டை நீர்த்த அமிலத்தால் கழுவ வேண்டும். அமிலத்தைத்தான் தண்ணீரில் ஊற்ற வேண்டும், தண்ணீரை அமிலத்தில் அல்ல. கடைக்காரர்களுக்கு இன்னொன்று: அமிலப் போத்தலையும் குளோரின் தூளையும் ஒரே தட்டில் அடுக்காதீர்கள். இரண்டும் கலந்தால் நச்சுவாயு கிளம்பும்.

ஆனால் என் மனதை உறுத்துவது வேறு. 40,000 லீற்றர் தடாகத்துக்கு ஏறக்குறைய 130 கிலோ உப்பு வேண்டும். கடல்நீரோடு பார்த்தால் பத்தில் ஒரு பங்குதான். ஆனால் அது ஆவியாகிப் போகாது. தடாகத்தைக் கழுவி இறைக்கும் தண்ணீரோடுதான் போகும். எங்கே போகும்? குடாநாட்டில் வற்றாத ஆறு கிடையாது. சுண்ணாம்புக் கல்லுக்குள் தங்கி, கீழேயுள்ள உவர்நீரின் மேல் மிதக்கும் மழைநீரைத்தான் கிணற்றில் அள்ளுகிறோம். நல்ல கிணறு சவராகிப் போனால் அந்தக் காணிக்கு விலையும் போச்சு.

இப்போதெல்லாம் மெஷின் கேட்டு வருகிறவரிடம், கழிவுநீர் எங்கே போகும் என்று முதலில் கேட்கிறேன். போன மாதம் ஒருவர், "பக்கத்து வெறுங்காணிக்குள் விடலாம், அங்கே ஆளில்லை" என்றார். அந்தக் காணியில் கிணறு இருக்கிறதா என்றேன். இருக்கிறதாம். உங்களுக்குச் சாதாரண குளோரின் தடாகமே போதும் என்று சொல்லி அனுப்பினேன். முகத்தைச் சுளித்துக்கொண்டு போனார். வேறு கடையில் வாங்கியிருப்பார் என்றுதான் நினைக்கிறேன்.