சாரதிக்குச் சொல்லாத செய்தி

பிரயாணத் திட்டம் வகுப்பதில் எனக்குள்ள ஆசை என் வீட்டாருக்கு நெடுநாளைய வேடிக்கை. ஆரையம்பதியிலிருந்து மட்டுநகருக்குப் போய்வருவதும் ஒரு பிரயாணமா என்று கேட்பார்கள். பதினான்கு மாணவரைக் கால்நடையாக அழைத்துச் சென்று ஊரைக் காட்டி, பொழுது சாயுமுன் பெற்றோரிடம் ஒப்படைக்க வேண்டியவனுக்கு அது சிறு காரியமன்று என்பதை வாசக நேயர்கள் ஒப்புக்கொள்வார்கள்.

என் திட்டம் இதுதான். காலை எட்டு மணிக்குப் புளியந்தீவில் இறங்குவது. காந்திப் பூங்காவையும், 1814-ஆம் ஆண்டில் இவ்வூருக்கு வந்த மெதடிஸ்த போதகர் வில்லியம் ஓல்ட் அவர்களின் சிலையையும் பார்ப்பது. அங்கிருந்து கோட்டைக்குச் செல்வது. பின்னர் தீவை விட்டு நீங்கிக் கல்லடிப் பாலத்தை நடந்து கடந்து, சுவாமி விபுலானந்தரின் சமாதியில் வணங்கி முடிப்பது. நிமிடக் கணக்குடன் அழகிய தாளில் எழுதி வைத்திருந்தேன். பஸ் வண்டி அந்தத் தாளைப் படித்திருக்கவில்லை. நாங்கள் இறங்கியபோது மணி பத்தைத் தாண்டிவிட்டது.

வெயில் ஏறிக்கொண்டிருந்தது. மாணவன் ஒருவன் தானாகவே முன்வந்து, தண்ணீர்ப் போத்தல்கள் வாங்கி வருவதாகச் சொன்னான். தகப்பனை இழந்தவன், தாய் இடியப்பம் அவித்து விற்று அவனைப் படிக்க வைக்கிறாள். அவள் முதன்முறையாக அவனைத் தனியே அனுப்பியதும் அன்றுதான். காசைக் கொடுத்து, “வாங்கிக்கொண்டு நேரே கோட்டை வாசலுக்கு வா, நாங்கள் மெல்ல நடந்து வருகிறோம்” என்றேன்.

அவன் போன பின்னரே எனக்கு அந்த யோசனை உதித்தது. கல்லடிப் பாலத்தில் நிழல் கிடையாது. உச்சிவேளையில் அதைக் கடப்பது பிள்ளைகளுக்கு வருத்தம். ஆகவே முதலில் பாலத்தைக் கடந்துவிட்டு, வெயில் தாழ்ந்த பின் பஸ்ஸில் திரும்பி வந்து கோட்டையைப் பார்க்கலாம். உடன் வந்த ஆசிரியையும் நல்ல மாற்றம் என்றார். நல்ல மாற்றந்தான், இன்றும் அதில் குற்றம் காணேன்.

2013-இல் திறக்கப்பட்ட புதிய பாலத்தில் நடந்தபடி, பக்கத்தே நிற்கும் பழைய இரும்புப் பாலத்தைக் காட்டி, 1924-இல் கட்டப்பட்ட அது ஆளுநர் மானிங்கின் துணைவியார் பெயரைத் தாங்கியது என்று விளக்கினேன். பாடும் மீனின் ஓசை பகலிற் கேட்குமா என்று ஒரு பெண் கேட்டாள். பூரணை இரவில் தோணியேறி வரவேண்டும் என்று சொல்லிக்கொண்டே தலைகளை எண்ணினேன். பதின்மூன்று. மறுபடியும் எண்ணினேன்.

மட்டக்களப்புக் கோட்டைக்கு இரு புறம் வாவி, இரு புறம் அகழி. அதுவரை சரித்திரச் செய்தியாக மட்டுமே நான் சொல்லிவந்த அந்த நீர், முச்சக்கர வண்டியில் விரைந்த அந்தச் சில நிமிடங்களில் வேறாகத் தோன்றியது. அவன் தாயின் முகமும் தோன்றியது. கைத்தொலைபேசி கொண்டுவரலாகாது என்று மாணவருக்குக் கட்டளையிட்டவனும் நானே.

வாசலருகே, சுவர் நிழலில், ஆறு போத்தல்களையும் முன்னே வரிசையாக வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். ஒன்றைக்கூடத் திறக்கவில்லை.

“சேர், நீங்க கோட்டை வாசலுக்குத்தானே வரச் சொன்னீங்க?” என்றான். கோபம் இல்லை, தான் தவறு செய்துவிட்டானோ என்ற ஐயமே அவன் குரலில் இருந்தது. அதுதான் என்னை வருத்தியது. அன்று மாலை அவன் வீட்டுக்குப் போய், நடந்ததை நானே தாயிடம் சொன்னேன். அவள் சிறிது நேரம் பேசவில்லை. பிறகு தேநீர் கொண்டுவந்து வைத்தாள்.

மூன்று வாரங்களின் பின் வகுப்பில் முதலாம் உலகப் போரின் தோற்றுவாயைக் கற்பிக்க நேர்ந்தது. 1914 ஜூன் 28. சரயேவோ, மலைகளுக்கிடையே சிற்றாறு ஒன்றின் கரையில் அமைந்த பால்கன் நகரம். இன்று பொஸ்னியாவின் தலைநகரம். ஆஸ்திரிய இளவரசர் பிரான்ஸ் பேர்டினண்ட் மீது காலையில் எறியப்பட்ட குண்டு தப்பிப்போய்ப் பிறரைக் காயப்படுத்தியது. நகர மண்டபத்திற்குச் சென்ற இளவரசர், காயமுற்றவரை வைத்தியசாலையிற் பார்க்க விரும்பினார். பிரயாணத் திட்டம் மாற்றப்பட்டது. ஆற்றோரத் தெருவிலேயே நேராகச் செல்வதென முடிவாயிற்று. அம்முடிவைச் சாரதிகளுக்கு ஒருவரும் சொல்லவில்லை. பழைய திட்டப்படியே வண்டிகள் லத்தீன் பாலத்தருகே வலப்புறம் திரும்பின. இது வழியன்று என்று ஆளுநர் கூவ, இளவரசரின் வண்டி நின்றது. நின்ற இடத்திற்கு அருகே பத்தொன்பது வயதுக் காவ்ரிலோ பிரின்சிப் துப்பாக்கியுடன் நின்றான். இரண்டு வேட்டுகளில் இளவரசரும் மனைவி சோபியும் மாண்டனர். போருக்குக் காரணங்கள் பல ஏற்கெனவே குவிந்திருந்தன என்பதையும் நான் சொல்லத் தவறவில்லை.

அவன் கை உயர்ந்தது. “அந்தச் சாரதியை யாராவது ஏசினாங்களா, சேர்?”

வகுப்பு சிரித்தது. அவன் சிரிக்கவில்லை. சாரதி தனக்குச் சொன்ன வழியிலேதான் போனான் என்றேன். அதற்குமேல் பாடப்புத்தகத்தைப் பார்த்துக்கொண்டேன்.

சென்ற மாதம் மீண்டும் புறப்பட்டோம். இம்முறை ஏட்டைக் கையிற் கொடுத்து, தலைகளை எண்ணும் பொறுப்பை அவனிடமே விட்டேன். நான் எதை மாற்றினாலும் அவன் ஒவ்வொருவர் பெயராகக் கூப்பிட்டுச் சொன்னான். கோட்டையை முதலிலேயே பார்த்தோம். போர்த்துக்கேயர் 1628-இல் கட்டியதையும், 1638-இல் ஒல்லாந்தர் இலங்கையிற் கைப்பற்றிய முதற் கோட்டை இதுவே என்பதையும் நான் விவரித்துக்கொண்டிருக்கையில், அவன் சுவரோரம் நகர்ந்து சிறிய பையன்களுக்கு வேறொன்றைக் காட்டிக்கொண்டிருந்தான்.

“இந்த இடந்தான். பன்னிரண்டு மணிக்குப் பிறகு இங்க நிழல் இல்ல.”