காயில் ஸ்பிரிங்கை அறுக்காதீர்கள்



எர்டிகா போன்ற குடும்ப வண்டிகளின் காயில் ஸ்பிரிங்கை அறுத்து, வண்டியைத் தாழ்த்தும் மோகம் எங்கள் பக்கமும் வந்துவிட்டது. ஏழு பேரும் மூட்டைகளும் ஏறிய பிறகு ஷாக் அப்சார்பர் அமுங்க இடமே இருக்காது. பள்ளத்தில் விழும் அடி நேரே பெரியவர்களின் முதுகில் இறங்கும். டயர் உள்பக்கமாகத் தேயும். முறைப்படி போட்ட வேகத்தடையே 10 சென்டிமீட்டர் உயரம். எங்கள் தெருக்களில் இருப்பவையோ எந்த அளவுக்கும் அடங்காதவை. தாழ்த்திய வண்டியின் அடியில் உள்ள ஆயில் சம்ப் அவற்றில் இடித்து உடைந்தால் இன்ஜினே போச்சு!

தயாரிப்பாளர் வகுத்த விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாதென்று உச்ச நீதிமன்றம் 2019-இல் சொல்லிவிட்டது. மோட்டார் வாகனச் சட்டம் 182ஏ பிரிவில் உரிமையாளருக்கு 5,000 ரூபாய் அபராதமோ, 6 மாதம் வரை சிறையோ உண்டு. அறுத்துக் கொடுக்கும் பட்டறைகளையும் போக்குவரத்துத் துறை விசாரிக்க வேண்டும்.

- ஒரு வாசகர், வையம்பட்டி, திருச்சி மாவட்டம்