காப்பீட்டு அட்டை உரிமை ஆகாது

இந்தியாவில் தலித் பெண்கள் சராசரியாக 39.5 வயதில் இறக்கிறார்கள். ஆதிக்கச் சாதிப் பெண்களுக்கு அந்த வயது 54.1 என ஐ.நா. பெண்கள் அமைப்பின் 2018ஆம் ஆண்டு அறிக்கை கூறுகிறது. இந்த 14.6 ஆண்டு இடைவெளியை நோய் மட்டும் உண்டாக்கவில்லை. கூலியும் குடிநீரும் குடியிருப்பும் சாதியும் சேர்ந்தே உண்டாக்கின.

இதற்கு ஆட்சியாளர்கள் தரும் விடை காப்பீட்டு அட்டை. 2018இல் தொடங்கிய ஆயுஷ்மான் பாரத் திட்டம் குடும்பத்துக்கு ஆண்டுதோறும் 5 லட்சம் ரூபாய் வரை தருகிறது. ஆனால் மருத்துவமனையில் உள்நோயாளியாகச் சேர்ந்தால்தான். இரத்த அழுத்தத்துக்கும் சர்க்கரை நோய்க்கும் மாதந்தோறும் ஆகும் புறநோயாளிச் செலவு அதில் அடங்காது. சிகிச்சைக்காக இழந்த நாள்கூலியும் அடங்காது. ஆகவே, நோய் முற்றிப் படுக்கையில் விழும்வரை அந்த அட்டை உழைப்பவருக்குப் பயன்படுவதில்லை.

கூலி இழப்பையும் நோயின் பகுதியாகக் கருதிய ஏற்பாடு நம் நாட்டில் உண்டு. அண்ணல் அம்பேத்கர் வைஸ்ராய் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் துறைப் பொறுப்பு வகித்த காலத்தில், 1943இல், பேராசிரியர் அதார்க்கரிடம் தொழிலாளர் நலக் காப்பீடு குறித்து அறிக்கை கோரப்பட்டது. அதுவே 1948ஆம் ஆண்டு ஈ.எஸ்.ஐ. சட்டத்துக்கு அடித்தளம். ஈ.எஸ்.ஐ. திட்டத்தின்படி, நோயுற்ற தொழிலாளி சிகிச்சையுடன் ஆண்டுக்கு 91 நாட்கள் வரை ஊதியத்தில் 70 விழுக்காட்டையும் பெறலாம். ஆனால் தலித்துகள் பெருமளவில் உழைக்கும் விவசாயக் கூலி வேலையும் வீட்டு வேலையும் அந்தப் பாதுகாப்புக்கு வெளியே நிறுத்தப்பட்டன.

அனைவருக்கும் அதை விரிவாக்கப் பணம் எங்கே என்று கேட்பார்கள். உலக ஏற்றத்தாழ்வு ஆய்வகத்தின் கணக்குப்படி, 2022-23இல் நாட்டின் வருமானத்தில் 22.6 விழுக்காடு மேல்தட்டு 1 விழுக்காட்டினரிடம் சென்றது. வாரிசுச் சொத்து வரி 1985இலும், செல்வ வரி 2015இலும் நீக்கப்பட்டன. பொதுச் சுகாதாரச் செலவை 2025க்குள் மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 2.5 விழுக்காடாக உயர்த்துவதாக 2017ஆம் ஆண்டு தேசிய நலக் கொள்கை உறுதியளித்தது; அது நிறைவேறவில்லை. செல்வரிடம் வசூலிக்காமல் விட்டதும் ஏழைக்குச் செலவிடாமல் விட்டதும் ஒரே அரசியலின் இரு முகங்கள்.

வருமான ஏற்றத்தாழ்வைக் குறைப்பதும் (பிரிவு 38), பொதுச் சுகாதாரத்தை மேம்படுத்துவதும் (பிரிவு 47) அரசமைப்புச் சட்டம் அரசுக்கு விதித்த கடமைகள். இவை நீதிமன்றம் வழியாகச் செயல்படுத்தத்தக்கவை அல்ல என்பதே அரசுகளுக்கு வசதி. எனினும், அவசர சிகிச்சையை மறுப்பது வாழ்வுரிமையை (பிரிவு 21) மீறுவதாகும், நிதிப் பற்றாக்குறை அதற்குச் சாக்காகாது என்று மேற்கு வங்க விவசாயத் தொழிலாளர் சங்கம் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996இல் தீர்ப்பளித்தது. 2023இல் இராஜஸ்தான் நலவாழ்வு உரிமைச் சட்டத்தையே இயற்றியது.

தமிழ்நாட்டில் 2024இல் பட்டியல் சாதி, பழங்குடியினர் வளர்ச்சிச் செயல்திட்டச் சட்டம் வந்துள்ளது. அதன் நிதி சேரிக்கு அருகில் மருத்துவர், மருந்து, ஆய்வகமாக மாறுகிறதா என்பதைத் தகவல் உரிமைச் சட்டத்தின் வழியே ஊராட்சிதோறும் கேட்க வேண்டும். நலவாழ்வு உரிமைச் சட்டம், நோய்க்கால ஊதியம், செல்வ வரி ஆகிய மூன்றையும் ஒரே கோரிக்கையாக வாக்கு கேட்டு வருவோரிடம் வைக்க வேண்டும். சலுகையை அடுத்த அரசு நிறுத்திவிடலாம். சட்டமான உரிமையை அவ்வளவு எளிதாகப் பறிக்க முடியாது.