செங்கலும் மரமும் இன்றி

கலை, அறிவியல், தொழில்நுட்பம் ஆகிய மூன்றும் ஒன்றுகூடி வருங்காலத்தைக் கற்பனை செய்ய வேண்டும் என்ற கருத்து இன்று பல்கலைக்கழகங்களிலும் அருங்காட்சியகங்களிலும் ஆய்வுக்கூடங்களிலும் ஒரு புதிய துறையாகவே பேசப்படுகிறது. ஆனால் செஞ்சியைச் சுற்றியுள்ள குன்றுகளில் அத்தகைய கூட்டுமுயற்சி ஏறத்தாழ 1400 ஆண்டுகளுக்கு முன்பே நிகழ்ந்தது. அதன் விளைவு இன்றளவும் கல்லில் நிற்கிறது. செஞ்சிக்கு வடக்கே தேசூரை அடுத்த சீயமங்கலம், செஞ்சிக்கும் விழுப்புரத்துக்கும் இடைப்பட்ட மண்டகப்பட்டு, அதற்கு அணித்தேயுள்ள தளவானூர் ஆகிய மூன்று சிற்றூர்களிலும் பல்லவ மன்னன் முதலாம் மகேந்திரவர்மன் கி.பி. 7ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் பாறையைக் குடைந்து கோயில்களை அமைத்தான். இவை கலைவரலாற்றில் பெற்றுள்ள இடம் அனைவரும் அறிந்ததே. இவை எழுந்த முறை வருங்காலத்தைப் பற்றிச் சிந்திப்போருக்கு ஒரு பாடமாகவும் அமைந்திருக்கிறது என்பது அந்த அளவுக்குப் பேசப்படவில்லை.

மண்டகப்பட்டுக் குடைவரையில் உள்ள வடமொழிக் கல்வெட்டு அளவில் சிறியது. செங்கல், மரம், உலோகம், சுதை ஆகிய நான்கும் இன்றிப் பிரமன், சிவன், திருமால் ஆகிய மூவருக்கும் இந்தக் கோயிலை விசித்திரசித்தன் எடுத்தான் என்பது அதன் செய்தி. சுதை என்பது சுண்ணாம்புச் சாந்து. விசித்திரசித்தன் என்பது புதுமைகளை நாடும் உள்ளம் உடையவன் என்ற பொருளில் மகேந்திரன் சூடிக்கொண்ட பட்டப்பெயர். அரசர்கள் தம் கொடைகளைப் பட்டியலிடும்போது பொன் இவ்வளவு, நிலம் இவ்வளவு என்று உள்ளவற்றை எண்ணிச் சொல்வதே வழக்கமாக இருக்க, இந்தக் கல்வெட்டு இல்லாதவற்றை எண்ணிச் சொல்கிறது. எவையெல்லாம் இல்லாமல் கோயில் எழாது என்று அக்காலத்தார் நம்பினார்களோ அவற்றை ஒவ்வொன்றாக விலக்கிவிட்டு, எஞ்சியதைக் கொண்டு என்ன செய்ய முடியும் என்று ஒருவன் கேட்டிருக்கிறான். வருங்காலத்தைக் கற்பனை செய்வதற்கு இதைவிடக் கூர்மையான கேள்வி அரிது.

அந்தக் கேள்வியின் துணிவை உணர, அதற்கு முந்தைய நிலையை நினைவில் கொள்ள வேண்டும். செங்கல்லாலும் மரத்தாலும் சாந்தாலும் எழுப்பப்பட்ட கோயில்கள் மழையாலும் கரையானாலும் தீயாலும் அழிந்துபடுவன. ஆயினும் தமிழ்நாட்டில் கல் என்பது நடுகல்லோடும் ஈமச்சின்னங்களோடும், அதாவது இறந்தோர் நினைவோடு, நெருங்கிப் பிணைந்திருந்த காரணத்தால் இறைவனின் உறைவிடத்துக்கு அதைப் பயன்படுத்த மக்கள் தயங்கினர் என்று ஆய்வாளர் சிலர் கருதுகின்றனர். பாறையைக் குடையும் வழக்கம் பாரத நாட்டுக்குப் புதியதன்று. பீகாரின் பராபர் குன்றுகளில் அசோகன் காலத்திலேயே கடினப் பாறையைக் குடைந்திருக்கிறார்கள். ஆனால் அஜந்தாவின் எரிமலைப் பாறையும் பாதாமியின் மணற்பாறையும் உளிக்கு இணங்குவதைப் போலத் தொண்டை மண்டலத்தின் கருங்கல் இணங்குவதில்லை. ஆகவே மகேந்திரன் காலத்தவர் மனத்தில் படிந்த ஒரு தயக்கத்தையும் கையில் உணர்ந்த ஒரு தடையையும் ஒருசேரக் கடக்க வேண்டியிருந்தது.

தடையைக் கடந்த விதத்தைச் சீயமங்கலத்தில் அருகிருந்து காணலாம். அவனிபாஜன பல்லவேசுவரம் என்று கல்வெட்டில் பெயர் பெற்று, இன்று தூணாண்டார் கோயில் என வழங்கும் இந்தக் குடைவரையின் முன்னே பிற்காலத்து மண்டபங்கள் எழுந்துவிட்டதால், அவற்றைக் கடந்து உள்ளே சென்ற பிறகே பல்லவர் பணி கண்ணுக்குப் புலப்படுகிறது. மகேந்திரன் காலத் தூண்களுக்கே உரிய அமைப்பு இங்கும் உண்டு: அடியிலும் தலையிலும் சதுரம், நடுவில் எட்டுப் பட்டைகள் கொண்ட கட்டு. சதுரத்தின் நான்கு மூலைகளையும் சரியான அளவில் சீவினால்தான் எட்டுப் பட்டைகளும் ஒத்த அகலம் பெறும் என்பதால், உளி விழுவதற்கு முன்பே வடிவக்கணக்கு முடிந்திருக்க வேண்டும். முகப்புத் தூண்வரிசையின் மேற்பகுதியில் சிறிய சிற்பமாக ஆடும் சிவன் காணப்படுகிறான். காலடியில் பாம்பைக் கண்டவர் திடுக்கிட்டுக் காலைத் தூக்குவது போன்ற புஜங்கத்ராசிதம் என்னும் நடனநிலை அது. நாட்டிய சாத்திரம் கூறும் 108 கரணங்களுள், அதாவது கையும் காலும் இணைந்த அசைவுகளுள், ஒன்று. தமிழ்நாட்டுக் கல்லில் கிடைக்கும் மிகப் பழைய ஆடவல்லான் வடிவங்களுள் ஒன்றாக இதை ஆய்வாளர்கள் மதிக்கின்றனர்.

இந்தப் பணியில் மூவகை அறிவு கலந்திருக்கிறது. மகேந்திரன் சித்திரகாரப்புலி என்றும் புகழ்பெற்றவன். மத்தவிலாசப் பிரகசனம் என்னும் நாடகத்தை இயற்றியவன். இன்னது வேண்டும் என்று கனவு காணும் கலைஞனின் உள்ளம் அவனுடையது. பாறையில் விரிசல் எங்கே ஓடுகிறது, எந்த முகம் மழைநீரைத் தாங்கும், எந்தப் பக்கம் தட்டினால் எந்தப் பக்கம் பெயரும் என்பவற்றை அறிந்திருந்தவர் கல்தச்சர். அந்த அறிவை இன்று நாம் பாறையியல் என்போம். முற்றுப்பெறாத பல்லவர் குடைவரைகளில் அவர்களது முறை வெளிப்படையாகத் தெரிகிறது: பாறை முகத்தில் குறுக்கும் நெடுக்குமாகக் காடிகள் வெட்டிக் கட்டம் கட்டமாகப் பிரித்து, நடுவே துருத்தி நிற்கும் துண்டுகளைத் தட்டிப் பெயர்த்து, அடுக்கடுக்காக உள்ளே முன்னேறியிருக்கிறார்கள். கருங்கல்லில் உளி விரைவில் மழுங்கும் என்பதால், அதைக் காய்ச்சி அடித்து நீரில் தோய்த்துப் பதமேற்றும் கொல்லரின் உலை வேலையிடத்துக்கு அருகிலேயே எரிந்துகொண்டிருந்திருக்க வேண்டும். உலோகம் இன்றிக் கோயில் எடுத்ததாகக் கல்வெட்டு கூறினாலும், கட்டடத்தில் இடம்பெறாத அந்த இரும்புதான் கட்டடத்தையே உருவாக்கியது.

இவர்களின் பெயர்கள் மண்டகப்பட்டிலோ சீயமங்கலத்திலோ பொறிக்கப்படவில்லை. மன்னனின் பட்டப்பெயர்கள் மட்டுமே உள்ளன. ஆனால் மாமல்லபுரத்தை அடுத்த பூஞ்சேரியில் ஒரு பாறை மீது பல்லவர் கால எழுத்தில் கலைஞர் சிலருடைய பெயர்கள் காணப்படுகின்றன. அவற்றில் கேவாத பெருந்தச்சன் என்ற பெயர் உண்டு. கொல்லன் சேமகன் என்ற பெயரும் உண்டு. சிற்பம் வடித்தவனும் உளியைப் பதமேற்றியவனும் ஒரே பாறையில் பெயர் பெற்றிருப்பது, கலையும் தொழில்நுட்பமும் தமிழகத்தில் ஒரே பணியிடத்தின் இரு பகுதிகளாக இருந்தமைக்குக் கிடைத்துள்ள மிக நேரடியான சான்றுகளுள் ஒன்று.

மகேந்திரன் காலத்தவரின் கற்பனைக்கும் ஓர் எல்லை இருந்தது என்பதையும் இங்கே குறிப்பிட வேண்டும். குடைவரையில் கூரையைத் தாங்கத் தனியே உத்திரம் வேண்டியதில்லை; பாறை தன்னைத் தானே தாங்கிக்கொள்ளும். ஆயினும் தூணின் தலையில் போதிகையும், அதாவது உத்திரத்தைத் தாங்குவதற்கென மரக்கட்டடத்தில் வைக்கப்படும் தாங்குகட்டையும், அதன் மேல் உத்திரமும் கல்லிலேயே செதுக்கப்பட்டுள்ளன. மரத்தை விலக்கியவர்கள் மரத்தின் வடிவத்தை விலக்கவில்லை. புதிய நுட்பம் எதுவும் முதலில் பழைய உருவத்தைத் தாங்கியே பிறக்கிறது. அதன் சொந்த இயல்பு வெளிப்படச் சில தலைமுறைகள் பிடிக்கின்றன. குடைவரைகளைத் தொடர்ந்து மாமல்லபுரத்தின் ஒற்றைக்கல் இரதங்கள் எழுந்தன. அதன் பின் பல்லவ மன்னன் இராசசிம்மன் செஞ்சிப் பகுதியிலேயே பனைமலையில் கற்களை அடுக்கிக் கோயில் கட்டினான். 1010இல் தஞ்சைப் பெருவுடையார் கோயில் நிறைவுற்றது. நான்கு நூற்றாண்டுக் கட்டடக்கலை அந்த நான்கு விலக்குகளின் தொடர்ச்சி என்று கூறுவது மிகையாகாது.

இதே கேள்வி 20ஆம் நூற்றாண்டில் வேறொரு வடிவில் எழுந்தது. நியூயார்க்கில் 1966இல் பெல் ஆய்வுக்கூடத்துப் பொறியாளர் பில்லி குளூவரும் ஓவியர் ராபர்ட் ரவுஷன்பெர்க்கும் பிறரும் சேர்ந்து, கலைஞர்களையும் பொறியாளர்களையும் இணைசேர்த்துப் பணியாற்றச் செய்யும் ஓர் அமைப்பைத் தொடங்கினர். அந்த அமைப்பு 1971இல் நியூயார்க், ஸ்டாக்ஹோம், டோக்கியோ, அகமதாபாத் ஆகிய நான்கு நகரங்களை டெலெக்ஸ் வழியாக இணைத்தது. டெலெக்ஸ் என்பது ஓரிடத்தில் தட்டச்சு செய்வதைத் தொலைவில் உள்ள மற்றோர் இடத்தில் உடனே அச்சிட்டுத் தரும் கருவி. பத்தாண்டு கழித்து, அதாவது 1981இல், உலகம் எப்படியிருக்கும் என்று பொதுமக்கள் கேள்வி அனுப்ப, மற்ற நகரங்களில் இருந்தோர் விடை அனுப்பினர். அகமதாபாத்தில் இதற்கு இடமளித்தது தேசிய வடிவமைப்பு நிறுவனம். அந்நகரில் இத்தகைய முயற்சிகளுக்கு உற்ற துணையாக விளங்கியவர் இந்திய விண்வெளித் திட்டத்தின் தந்தை விக்ரம் சாராபாய். அவருடைய மனைவி மிருணாளினி, பந்தநல்லூர் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் பரதம் பயின்ற நடனக் கலைஞர். செயற்கைக்கோள் வழியாகச் சிற்றூர்களுக்குக் கல்வி தரலாம் என்று சாராபாய் கண்ட கனவு அவர் மறைந்த பிறகு 1975–76இல் ஆறு மாநிலங்களின் 2,400 சிற்றூர்களில் ஓராண்டுக் காலம் நனவாயிற்று.

மகேந்திரனின் முயற்சியோடு ஒப்பிட்டால் இதில் ஒரு வளர்ச்சி தெரிகிறது. 7ஆம் நூற்றாண்டில் கேள்வி கேட்கும் உரிமை அரசனிடம் இருந்தது. பெருந்தச்சனும் கொல்லனும் விடை தேடினர். 1971இல் தெருவில் சென்றவரும் உள்ளே வந்து கேட்கலாம் என்ற நிலை உருவாயிற்று. ஜெனீவாவில் உள்ள செர்ன் துகள் இயற்பியல் ஆய்வு மையத்தில் இந்திய அரசு வழங்கிய நடராசர் சிலை 2004இல் நிறுவப்பட்டது; சீயமங்கலத்தில் சிறிய சிற்பமாகத் தோன்றிய ஆடல் உலகின் மிகப் பெரிய இயற்பியல் கூடத்தின் வளாகத்தில் நிற்பது தமிழருக்குப் பெருமைதான். ஆனால் சிலையை நிறுவுவது மரியாதை. கூடிப் பணியாற்றுவது வேறு. அதே மையம் 2011 முதல் கலைஞர்களை வரவழைத்து இயற்பியலாளர்களோடு தங்கி உழைக்கச் செய்கிறது. இவ்விரண்டில் பின்னதே மகேந்திரன் வழியில் வருவது.

செஞ்சி அடங்கியுள்ள விழுப்புரம் மாவட்டத்திலேயே இதற்கு அண்மைக் காலச் சான்றும் உண்டு. ஆரோவில்லில் உள்ள மண் கட்டடக்கலை நிறுவனம், அந்தந்த இடத்து மண்ணோடு சிறிதளவு சிமெண்ட் கலந்து, எந்திரத்தில் அழுத்தி, சூளையில் சுடாமலேயே கற்களை உருவாக்கும் முறையைப் பல ஆண்டுகளாக வளர்த்து வருகிறது. சூளைக்கு விறகோ நிலக்கரியோ வேண்டாததால் எரிபொருள் மிச்சமாகிறது. மண்ணின் நிறமே சுவரின் அழகாகிறது. அந்த மண்ணில் களி எவ்வளவு, மணல் எவ்வளவு என்று அறிவது அறிவியல். அழுத்தும் எந்திரம் தொழில்நுட்பம். அந்தக் கற்களால் வளைவும் கவிமாடமும் எழுப்பும் கண் கலை. நெருப்பு இன்றி வீடு கட்ட முடியுமா என்ற கேள்வி, மரம் இன்றிக் கோயில் எடுக்க முடியுமா என்ற கேள்வியின் உடன்பிறப்பு.

இந்த வரிசையில் செஞ்சியின் இன்றைய நிலையை வைத்துப் பார்க்க வேண்டும். மராட்டியப் போர்க்கோட்டைகளின் தொகுதியில் இடம்பெற்ற 12 கோட்டைகளுள் ஒன்றாகச் செஞ்சிக் கோட்டை 2025 சூலையில் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னமாயிற்று. அந்தத் தொகுதியில் தமிழ்நாட்டைச் சேர்ந்தது இது ஒன்றே. இத்தகைய மதிப்பு கிடைத்ததும் ஒலி-ஒளிக் காட்சியும் வண்ண விளக்கும் முதலில் நினைவுக்கு வருவது இயல்பு. ஆனால் முடிந்துபோன திட்டத்துக்கு அழகூட்டக் கலைஞரைக் கடைசியில் அழைப்பதைக் கூட்டுமுயற்சி என்று சொல்ல முடியாது. வட தமிழகத்தின் பாறைக்குன்றுகள் கல் குவாரிகளால் நாளும் குறைந்துவருகின்றன. ஆற்று மணலுக்கு மாற்றாகப் பாறையையே அரைத்து மணலாக்குகிறார்கள். பள்ளிகளிலோ கணிதமும் உயிரியலும் ஒரு பிரிவிலும் வரலாறு வேறொரு பிரிவிலும் அடைபட, ஓவிய வகுப்பு ஓய்வு நேரமாக எண்ணப்படுகிறது. மன்னனின் அவையிலும் பாறையின் அடிவாரத்திலும் ஒன்றாக இருந்தவற்றை நாம் பாடத்திட்டத்தில் பிரித்து வைத்திருக்கிறோம்.

ஆகவே செய்ய வேண்டியது பெருஞ்செலவு பிடிக்கும் செயலன்று. செஞ்சி, வந்தவாசி வட்டங்களின் பள்ளி மாணவர்களைச் சீயமங்கலத்துக்கும் மண்டகப்பட்டுக்கும் அழைத்துச் சென்று, 1957 முதல் மாமல்லபுரத்தில் சிற்பக்கலை கற்பித்துவரும் அரசுக் கல்லூரியின் சிற்பி ஒருவர், நிலவியல் ஆசிரியர் ஒருவர், கணினியில் முப்பரிமாண வடிவம் அமைக்கத் தெரிந்தவர் ஒருவர் ஆகியோரை உடன் அமர்த்தி, ஒரே ஒரு கேள்வியை அவர்கள் முன் வைக்கலாம்: இன்று இன்றியமையாதது என்று நாம் கருதும் எந்தப் பொருளை விலக்கிவிட்டு, 2050ஆம் ஆண்டின் செஞ்சியை அமைக்கலாம்? குன்றை உடைக்காமல் வீடு, ஆழ்துளைக் கிணறு இல்லாமல் வேளாண்மை, குப்பைமேடு இல்லாமல் பேரூர் என்று அவர்கள் சொல்லும் விடைகளை வரைபடமாகவும் மாதிரியாகவும் செய்து, செய்தவர் அனைவரின் பெயரையும் அதில் எழுதிவைக்க வேண்டும். மாவட்ட நிர்வாகமும் தொல்லியல் துறையும் பள்ளிக்கல்வித் துறையும் கோட்டைக்குத் தீட்டும் திட்டங்களில் இதற்கு ஓர் இடம் ஒதுக்க வேண்டும். திட்டம் முடிவான பிறகன்று, முதல் கூட்டத்திலேயே சிற்பியும் ஆசிரியரும் மாணவரும் அமர்ந்திருக்க வேண்டும்.