தொலைவும் கனிமமும்

கோம்பையின் மேற்கே எழுந்து நிற்கும் மலைத்தொடரைக் காண்போர்க்கு, அம்மலைக்குள் இருப்பதை வெளிக்கொணர்தல் எளிதன்று என்றே தோன்றும். சாலையும் மின்கம்பியும் எட்டாத இடத்தில் கண்டறியப்படும் கனிமம் மண்ணுக்குள்ளேயே கிடந்துவிடும் என்பது பரவலான எண்ணம். அது பாதி உண்மையே. தொலைவு செலவைக் கூட்டும், காலத்தை நீட்டும். தேவை பெருகிவிட்டால் அச்செலவை ஏற்க யாரேனும் முன்வருவர்.

கம்பம் பள்ளத்தாக்கின் வயல்களே இதற்குச் சான்று. காட்டு விலங்குகளும் மலைக்காய்ச்சலும் நிறைந்த அடர்வனத்தில் முல்லைப் பெரியாற்று அணை கட்டப்பட்டது. மலையைக் குடைந்து 1895இல் நீர் கிழக்கே திருப்பப்பட்டது. வறண்ட நிலத்தின் தாகம் அத்தனை இடர்களையும் ஏற்கச் செய்தது.

நீருக்கு நேர்ந்தது இரும்புக்கும் நேர்ந்தது. இதே மேற்குத் தொடர்ச்சி மலையில், கர்நாடகத்தின் குதிரைமுகத்தில், 1913இல் சம்பத் ஐயங்கார் என்னும் நிலவியலாளர் இரும்புத்தாதுவைக் கண்டறிந்தார். பெருமழை பொழியும் காடு; தாதுவோ தரம் குறைந்தது. அறுபது ஆண்டுகளுக்கும் மேலாக அது தீண்டப்படாமல் கிடந்தது. ஈரானின் எஃகு ஆலைகளுக்குத் தாது அனுப்ப உடன்பாடு ஏற்பட்டதும் நிலை மாறியது. 1976இல் நிறுவனம் தொடங்கப்பட்டது. தாதுவைப் பொடியாக்கி, நீரில் குழம்பாகக் கரைத்து, 67 கிலோமீட்டர் குழாய்வழியே மங்களூருக்குச் செலுத்தினர். மலைச்சாலையில் சரக்குந்துகளை ஏற்றி இறக்கும் வேலையே இல்லாமற் போயிற்று! ஈரானில் புரட்சி வெடித்து, வாங்க வேண்டிய நாடு விலகிய பின்னரும் சுரங்கம் நிற்கவில்லை. பத்திரை ஆற்றில் வண்டல் படிவதும் காடு அழிவதும் வழக்காகி, உச்ச நீதிமன்றத்தின் ஆணைப்படி 2005ஆம் ஆண்டின் இறுதியில் அது மூடப்பட்டது. தொடக்கத்தைத் தள்ளிப்போட்டது தொலைவு, முடித்துவைத்தது அத்தொலைவன்று.

தேனி மாவட்டம் இதன் மற்றொரு முகத்தைக் கண்டது. கோம்பைக்கு அண்மையிலுள்ள பொட்டிப்புரம் மலை, நியூட்ரினோ ஆய்வகத்திற்காகத் தேர்ந்தெடுக்கப்பட்டது. அது கனிமச் சுரங்கமன்று எனினும், மலையைக் குடைய வேண்டிய திட்டமே. நாற்புறமும் ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர் கனத்திற்குப் பாறை தேவைப்பட்டமையால் உறுதியான மலையே அங்கு தகுதியாயிற்று. 2015இல் ஒன்றிய அமைச்சரவை ஒப்புதல் அளித்தது. நீரூற்றுகளுக்கும் காட்டுக்கும் என்ன நேரும் என்று ஊரார் கேட்டனர். அவர்களுக்கு நிறைவான விளக்கம் தருவது, பாறையைக் குடைவதினும் கடினமாயிற்று. திட்டத்திற்கு இசைவளிக்க இயலாது என 2022இல் தமிழக அரசு உச்ச நீதிமன்றத்தில் தெரிவித்தது.

ஆகவே ஒரு கனிமம் வெளிவருமா என்பதைக் கிலோமீட்டர்கள் மட்டும் தீர்மானிப்பதில்லை. மதுரையை அடுத்த அரிட்டாபட்டியைத் தொலைதூரம் என்று எவரும் கூறார். பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக 2022இல் அறிவிக்கப்பட்ட அவ்வூரையும் உள்ளடக்கிய நிலப்பரப்பில் டங்ஸ்டன் எடுக்கும் உரிமை, 2024இல் ஏலம் விடப்பட்டது. மேலூர் வட்டார மக்கள் மதுரைக்குப் பேரணியாகத் திரண்டு வந்தனர். சட்டப்பேரவை எதிர்த்துத் தீர்மானம் நிறைவேற்றியது. 2025 ஜனவரியில் ஒன்றிய அரசு அந்த ஏலத்தை நீக்கியது.