15 கோடி ரூபாயும் இரண்டு ஓட்டுநர்களும்

2020 அக்டோபரில் ஓர் இரவு, சென்னையை அடுத்த தொழிற்பகுதியிலிருந்து மும்பைக்குச் செல்போன் ஏற்றிச் சென்ற கன்டெய்னர் லாரியைக் கிருஷ்ணகிரி மாவட்டம் சூளகிரி அருகே ஒரு கும்பல் வழிமறித்தது. இரண்டு ஓட்டுநர்களையும் அடித்துக் கட்டிப்போட்டுவிட்டுச் சரக்கை அள்ளிக்கொண்டு போனது. மறுநாள் தமிழ்நாடு முழுவதும் இரண்டு எண்கள் பேசப்பட்டன: ஏறத்தாழ 14,500 போன்கள், ஏறத்தாழ 15 கோடி ரூபாய். தனிப்படைகள் மத்தியப் பிரதேசம் வரை போயின, கைதுகளும் நடந்தன. அதே ஆண்டு ஆகஸ்டில்தான் ஆந்திராவின் நகரி அருகே, இதேபோல் மும்பைக்குக் கிளம்பிய செல்போன் லாரி ஒன்று ஓட்டுநரைக் கட்டிப்போட்டுக் கொள்ளையடிக்கப்பட்டிருந்தது. இரண்டு முறையும் போன பொருளுக்குக் கணக்கு இருந்தது. அடி வாங்கியவர்களின் கணக்கை நாம் பெரிதாகப் பேசவில்லை. நான் சொல்ல வருவது இதைத்தான்: விலை மிகுந்த லோடை ஏற்றிக்கொண்டு போகும் லாரியில் ஓட்டுநர் வண்டியை மட்டும் ஓட்டவில்லை, சரக்குக்குக் காவலும் இருக்கிறார். அந்தக் காவல் வேலையை அவர் தலையில் வைத்துவிட்டு, காவலருக்கு உரிய பயிற்சி, துணை, சம்பளம், காப்பீடு எதையும் நாம் கொடுப்பதில்லை. இது சரக்கு உரிமையாளர், போக்குவரத்து நிறுவனம், அரசு ஆகிய மூவரும் சேர்ந்து செய்யும் அநீதி.

சட்டம் போட்டிருக்கும் கணக்கை முதலில் பார்ப்போம். சாலைவழிச் சரக்குப் போக்குவரத்துக்கு 2007-இல் தனிச் சட்டமே வந்தது. சரக்கு தொலைந்தால் யார் பொறுப்பு, எவ்வளவு பொறுப்பு என்பதை அதுவும் 2011-இன் விதிகளும் வரையறுக்கின்றன. அனுப்புபவர் மதிப்பை முன்கூட்டியே அறிவித்திருந்தால் அதன்படி, இல்லாவிட்டால் வாடகையின் பத்து மடங்கு வரை. ஓட்டுநரின் உயிருக்கும் ஒரு கணக்கு உண்டு. சூளகிரிச் சம்பவம் நடந்தபோது நடப்பில் இருந்த 1923-ஆம் ஆண்டு இழப்பீட்டுச் சட்டப்படி, மாதச் சம்பளத்தில் பாதியை வயதுக்கேற்ற ஒரு காரணியால் பெருக்க வேண்டும். சம்பளம் எவ்வளவு இருந்தாலும் கணக்குக்கு 15,000 ரூபாய்க்கு மேல் எடுத்துக்கொள்ளக் கூடாது. 30 வயதுக்கான காரணி 207.98. அதாவது, அந்த இரவில் 30 வயது ஓட்டுநர் ஒருவர் கொல்லப்பட்டிருந்தால் இந்தச் சட்டம் அவர் குடும்பத்துக்கு உறுதி செய்திருக்கும் இழப்பீடு அதிகபட்சம் 15,59,850 ரூபாய். அவருக்குப் பின்னால் பெட்டியில் இருந்த பொருளின் மதிப்பில் அது நூற்றில் ஒரு பங்குதான். இன்றைய சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பும் இதே சூத்திரத்தைத்தான் கையில் வைத்திருக்கிறது. வண்டியைப் பறிப்பதற்காக ஓட்டுநரைக் கொன்றால் அந்தச் சாவு இழப்பீட்டுக்குரிய விபத்தா என்ற கேள்வியே உச்ச நீதிமன்றம் வரை போக வேண்டியிருந்தது. 2000-ஆம் ஆண்டில், ஆட்டோவுக்காகக் கொல்லப்பட்ட ஓட்டுநர் ஒருவரின் குடும்பம் தொடுத்த ரீட்டா தேவி வழக்கில்தான், ஆம், அது விபத்தே என்ற தீர்ப்பு கிடைத்தது.

இப்படித்தான் இருக்க முடியும் என்பவர்கள், பணம் ஏற்றும் வேனை ஒரு முறை பார்க்க வேண்டும். 2018-இல் ரிசர்வ் வங்கியும் உள்துறை அமைச்சகமும் பணப் போக்குவரத்துக்குத் திட்டவட்டமான விதிகள் வகுத்தன. ஓட்டுநர் தவிர ஆயுதம் தாங்கிய காவலர்கள் இருவர், பணப் பொறுப்பாளர்கள் இருவர் வேனில் இருக்க வேண்டும். ஆள் உட்காரும் பகுதியும் பணம் இருக்கும் பகுதியும் தனித்தனியாக இருக்க வேண்டும். நகரங்களில் இரவு 9 மணிக்கு மேலும், கிராமப்புறங்களில் மாலை 6 மணிக்கு மேலும் ஏடிஎம்மில் பணம் நிரப்பக் கூடாது. ஒரு வேன் ஒரு நடையில் 5 கோடி ரூபாய்க்கு மேல் ஏற்றவும் கூடாது. அரசே தன் பணத்தைக் கொண்டுபோகும்போது ஏற்பாடு இன்னும் பெரிது. 2023 மே மாதம், ரிசர்வ் வங்கியின் பணத்துடன் சென்னையிலிருந்து விழுப்புரம் நோக்கிப் போன இரண்டு லாரிகளில் ஒன்று, 535 கோடி ரூபாயுடன் தாம்பரத்தில் பழுதாகி நின்றது. கூடவே காவலர்கள் வந்திருந்தார்கள். லாரியைத் தாம்பரம் தேசிய சித்த மருத்துவ நிறுவன வளாகத்துக்குள் கொண்டுபோய் நிறுத்திக் கதவை மூடிக் காவல் போட்டார்கள். வண்டி நின்றால் என்ன செய்வது என்பது அரசுக்குத் தெரியாத வித்தை அல்ல. 5 கோடி ரூபாய் நோட்டுக்கு நான்கு பேர் துணை வேண்டும் என்று எழுதத் தெரிந்த கைக்கு, 15 கோடி ரூபாய்ப் பொருளோடு நள்ளிரவில் காட்டுப்பாதையைக் கடக்கும் இரண்டு பேரைப் பற்றி ஒரு வரி எழுதத் தோன்றவில்லை.

நோட்டும் பொருளும் ஒன்றாகுமா என்று கேட்கலாம். நோட்டைத் திருடியவன் அன்றே செலவழிக்கலாம். போனுக்கு அடையாள எண் உண்டு, விற்கப் போனால் மாட்டிக்கொள்வான் என்பது வாதம். பொருளைத் திரும்பப் பிடிக்கும் வாய்ப்பைப் பொறுத்தவரை அது சரி. ஓட்டுநருக்கு நேரும் ஆபத்தைப் பொறுத்தவரை அதில் சாரமில்லை. திருடிய போனை எங்கே எப்படி விற்பது என்று வழி வைத்திருப்பவர்கள்தான் லாரியை மறிக்கத் துணிகிறார்கள். போன் பின்னால் பிடிபடும் என்பதால் முன்னால் விழும் அடி வலிக்காமல் போவதில்லை. சாலையில் உருவாகும் ஆபத்து, பெட்டிக்குள் இருப்பது காகிதமா கருவியா என்பதைப் பார்ப்பதில்லை. சிறிய இடத்தில் பெரிய விலை அடைபட்டிருக்கிறதா என்பதைத்தான் பார்க்கிறது. செல்போன், மருந்து, மின்னணுச் சில்லு, நகை என இவை அனைத்துக்கும் அது பொருந்தும்.

ஜிபிஎஸ் இருக்கிறதே, மின்னணுப் பூட்டு இருக்கிறதே என்பது அடுத்த பதில். ஜிபிஎஸ் லாரி எங்கே இருக்கிறது என்று சொல்லும். சரக்கை வேறு வண்டிக்கு மாற்றிவிட்டால் அது காலி லாரியைத்தான் காட்டிக்கொண்டிருக்கும். சூளகிரியில் லாரி கிடைத்தது, சரக்கு அதில் இல்லை. இதைவிட முக்கியமான ஒன்று உண்டு. கதவை உடைப்பது எளிதாக இருக்கும்வரை திருடன், ஆள் தூங்கும்போதோ டீ குடிக்கப் போகும்போதோ கதவை உடைக்கிறான். கதவை உடைக்க முடியாதபடி செய்துவிட்டால், அதைத் திறக்கவும் வண்டியை ஒதுக்குப்புறமாக நிறுத்தவும் கூடிய ஒரே ஆளான ஓட்டுநரின் மேல் கை வைக்கிறான். பூட்டு வலுக்க வலுக்க, வலுவில்லாமல் மிஞ்சுவது மனித உடம்புதான். அப்படியானால், சரக்கைக் காக்கச் செய்யும் ஒவ்வொரு செலவோடும் ஓட்டுநரைக் காக்கும் செலவும் சேர்ந்தே வர வேண்டும். பேருந்துக்கும் டாக்ஸிக்கும் இருப்பிடக் கருவியோடு அவசரப் பொத்தானும் வேண்டும் என்று விதி கொண்டுவந்திருக்கிறோம். பொதுச் சரக்கு லாரியின் ஓட்டுநருக்கு அந்தப் பொத்தானையாவது கொடுத்திருக்கலாம்.

ஓட்டுநர் விழிப்பாக இருந்திருக்க வேண்டும் என்று சொல்பவர்களுக்கு அமெரிக்காவின் ஒரு வழக்கு பதில் சொல்கிறது. 2022 ஜூலையில், சான் மட்டேயோவில் நடந்த நகைக் கண்காட்சியிலிருந்து கிளம்பிய பிரிங்க்ஸ் நிறுவன லாரி, கலிஃபோர்னியாவின் லெபெக் என்ற இடத்தில் நெடுஞ்சாலை ஓய்வகம் ஒன்றில் நின்றது. ஓட்டுநர் ஒருவர் படுக்கையில் உறங்கினார், மற்றவர் சாப்பிடப் போனார். அவர் திரும்பி வருவதற்குள், அரை மணி நேரத்துக்கும் குறைவான அவகாசத்தில், 22 பைகள் போய்விட்டன. மதிப்பு 10 கோடி டாலர் என்றார்கள் நகை வியாபாரிகள். அனுப்பும்போது அறிவித்த மதிப்பு 87 லட்சம் டாலர்தான் என்றது நிறுவனம். கேட்டவர்கள் பலரும் உறங்கியவரைத்தான் குறை சொன்னார்கள். ஆனால் அங்கே 11 மணி நேரம் வண்டி ஓட்ட வேண்டுமானால் அதற்கு முன் 10 மணி நேரம் ஓய்வெடுத்திருக்க வேண்டும் என்பது சட்டம். உறங்கியவர் விதியை மீறவில்லை, அதைக் கடைப்பிடித்துக்கொண்டிருந்தார். சாப்பிடப் போனவர் மனிதனுக்குத் தேவையானதைச் செய்தார். அத்தனை விலையுள்ள பொருளை இரண்டு பேரோடு, யாரும் வந்துபோகும் இடத்தில் நிற்கும்படி திட்டமிட்டதுதான் பிழை. இதற்கு மறுபக்கமும் அங்கேயே உண்டு. 2009-இல் ஜேசன் ரிவன்பர்க் என்ற ஓட்டுநர், சரக்கு இறக்கும் நேரம் வரும்வரை நிற்கப் பாதுகாப்பான இடமில்லாமல், கைவிடப்பட்ட பெட்ரோல் நிலையம் ஒன்றில் லாரியை நிறுத்தினார். அங்கே சுட்டுக் கொல்லப்பட்டார். கொலைகாரனுக்குக் கிடைத்தது 7 டாலர். அவர் ஏற்றி வந்தது பால். அவர் மனைவி விடாமல் போராடியதால் 2012-இல், லாரிகள் நிற்கப் பாதுகாப்பான இடம் அமைப்பதற்கான சட்டப் பிரிவு அவர் பெயராலேயே வந்தது. பெட்டியில் நகை இருந்தாலும் பால் இருந்தாலும், ஆபத்து தொடங்குவது வண்டி நிற்கும் இடத்தில்தான் என்பதற்கு இந்த இரண்டும் போதும்.

ஓட்டுநரே உடந்தையாக இருந்தால் என்ன செய்வது என்ற கேள்வியை நான் தள்ளிவிட மாட்டேன். 2016 நவம்பரில் பெங்களூருவில் பணவேன் ஓட்டுநர் ஒருவர் 1.37 கோடி ரூபாயோடு வண்டியை ஓட்டிக்கொண்டு போனார். அப்படி நடப்பது உண்டு. அதற்காகத்தான் பணி வரலாற்றைச் சரிபார்ப்பதும், வழித்தடத்தைக் கடைசி நேரம்வரை ரகசியமாக வைப்பதும். ஆனால் அடித்துக் கட்டிப்போடப்பட்டவர் மருத்துவமனையில் இருந்தாலும், முதல் சந்தேகம் அவர்மேல்தான் விழுகிறது. விசாரிக்கட்டும், விசாரணை தவறில்லை. குற்றம் நிரூபணமாகாதவரை சம்பளத்தையும் பேட்டாவையும் நிறுத்திவைப்பதும், அடுத்த லோடு கொடுக்காமல் ஒதுக்குவதும்தான் தவறு. உடந்தையைப் பற்றி உண்மையாகவே கவலைப்படுபவர் ஒன்றை யோசிக்க வேண்டும்: பின்னால் 15 கோடி இருக்கும்போது சாதாரண லோடுக்குக் கொடுக்கும் அதே பேட்டாவைக் கொடுத்து, நம்பிக்கையை மட்டும் பல மடங்கு எதிர்பார்ப்பது எந்த நியாயம்? நம்பிக்கைக்கும் ஒரு கூலி உண்டு. வங்கி தன் பணப் பொறுப்பாளருக்கு அதைத் தெரிந்தே கொடுக்கிறது.

மிச்சம் இருப்பது செலவு. லாரித் தொழில் டீசல் விலையிலும் சுங்கக் கட்டணத்திலும் ஏற்கெனவே நசுங்கிக் கிடக்கிறது, இன்னொரு சுமை தாங்காது என்பார்கள். நாமக்கல்லிலும் சங்ககிரியிலும் ஒரே ஒரு லாரியைக் கடன் வாங்கி ஓட்டுபவருக்கு இது முற்றிலும் உண்மை. அதனால்தான் சுமை அவர் மேல் விழக் கூடாது, பொருளின் மேல் விழ வேண்டும் என்கிறேன். சூளகிரி லாரியையே எடுத்துக்கொள்ளுங்கள். துணை வண்டி, காவலுள்ள நிறுத்தம், ஓட்டுநர்களுக்குத் தனிக் காப்பீடு எல்லாம் சேர்ந்து ஒரு நடைக்கு 50,000 ரூபாய் கூடுதலாகும் என்று வைத்துக்கொண்டாலும், 14,500 போன்களுக்குப் பங்கிட்டால் ஒரு போனுக்கு மூன்றரை ரூபாய்கூட வராது. 10,000 ரூபாய் போன் வாங்குபவர் அதை உணரவே மாட்டார். லாரி கேபினில் ஏசி கட்டாயம் என்ற பேச்சு வந்தபோதும் இதே செலவு வாதம்தான் எழுந்தது. 2025 அக்டோபர் முதல் தயாராகும் நடுத்தர, கனரக லாரிகளுக்கு அது கட்டாயமாகிவிட்டது. ஓட்டுநரின் வியர்வைக்கு விலை உண்டு என்று ஒப்புக்கொண்டவர்கள், அவர் ரத்தத்துக்கும் ஒப்புக்கொள்ள முடியும்.

எந்த லாரி விலை மிகுந்தது என்று எப்படித் தெரியும் என்று கேட்க வேண்டியதில்லை. 2018 ஏப்ரல் முதல், 50,000 ரூபாய்க்கு மேற்பட்ட சரக்கு மாநிலம் விட்டு மாநிலம் போக இ-வே பில் வேண்டும். பொருள் என்ன, மதிப்பு என்ன, எந்த வண்டி என்று கிளம்பும் முன்பே அரசின் கணினியில் பதிவாகிவிடுகிறது. பணவேனுக்கு இருக்கும் அதே 5 கோடி ரூபாயை எல்லையாக வைக்கலாம். அதைத் தாண்டினால் ஓட்டுநர்கள் இருவர், முன்கூட்டியே குறித்த காவலுள்ள நிறுத்தங்கள், சரக்கின் மதிப்போடு இணைந்த உயிர்க் காப்பீடு, அவசரப் பொத்தான், தாக்கினால் எதிர்க்க வேண்டாம், உயிரோடு வந்தால் போதும் என்று எழுத்தில் ஓர் உறுதி எனக் கட்டாயமாக்கலாம். தகவல் கசியும் என்றால் கசியும் இடத்தை அடைக்க வேண்டும், அதைச் சொல்லி ஓட்டுநரைத் தனியே விடக் கூடாது. இன்றைய இ-வே பில்லில் அனுப்புபவருக்கும் பெறுபவருக்கும் இடம் உண்டு, பொருளின் குறியீட்டுக்கும் விலைக்கும் வண்டி எண்ணுக்கும் இடம் உண்டு. அந்தப் பொருளைத் தன் உடம்பால் மறைத்துக்கொண்டு இரவெல்லாம் ஓட்டிப்போகும் மனிதரின் பெயருக்கு ஒரு கட்டம் இல்லை. மாற்றத்தை அந்தக் கட்டத்திலிருந்து தொடங்கலாம்.